போத்தல் வீட்டுத் தங்கம்மா

தங்கம்மா நாமக்கல் பக்கத்துப் பிறப்பு. மாடசாமியின் கடைசி மகள். மூத்தவன் நாகப்பன். இடையில் பிறந்த இரண்டும் கப்பலிலேயே கண்ணை மூடிவிட்டன. நான்கு வயதில் மலாயாவில் கால் வைத்தவள், பதினேழு வயதில் வேலப்பனுக்கு வாக்கப்பட்டுக் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறி வந்தாள். வேலப்பன் தாப்பாவில் பிறந்தவன். அவனுடைய தகப்பனும் தங்கம்மாவின் தாயும் ஒன்றுவிட்ட அண்ணன் தங்கை, முறைப்பெண்ணைத்தான் கட்டினான். அவர்களுக்குச் சரோஜா என்று ஒரே மகள், அவளும் இந்த மலையில் பிறந்தவள்தான்.

யார் எங்கே பிறந்தார்கள் என்பது சும்மா சொல்லும் கதை இல்லை. கம்யூனிஸ்ட்டு கலகம் நடந்த அந்தக் காலத்தில், போலீசுக்கு ஒருவர் மேல் சந்தேகம் வந்தால், மலாயாவில் பிறக்காதவரைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள். நாகப்பன் அப்படித்தான் போனான். யூனியன் கூட்டத்தில் இரண்டு நாள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான், அவ்வளவுதான். மூன்றாம் நாள் லோரி வந்தது. பெண்டாட்டி பிள்ளைகள் இங்கே, அவன் அங்கே. ஊரிலிருந்து ஒரே ஒரு கடுதாசி வந்தது. அதற்கப்புறம் சங்கதி இல்லை. அன்றிலிருந்து, போலீஸ் லோரியைக் கண்டால் தங்கம்மா சரோஜாவை இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விடுவாள். தன்னை அனுப்பினால் வேலப்பனும் சரோஜாவும் இங்கேயே நின்றுவிடுவார்கள் என்ற கணக்கு அவளுக்கு நன்றாகத் தெரியும்.

கூலிகள் குடியிருக்கும் லயத்தைச் சுற்றிப் போலீசு முள்வேலி போட்ட வருஷம், தங்கம்மா கூடையோடு சரிவில் சறுக்கி விழுந்து வலது முழங்கையை உடைத்துக்கொண்டாள். எலும்பு கூடியது, கை நீளவில்லை. ஒற்றைக் கையால் கொழுந்து கிள்ளி நிறுவை காட்ட முடியுமா? அப்போதுதான் போத்தல் வீட்டு வேலை கிடைத்தது.

போத்தல் வீடு வேலிக்கு வெளியே, நாற்று மேட்டுப் பக்கம் இருந்த பலகை வீடு. கீழே பட்டணத்தில் இருந்த பல்கலைக்கழகத்துக்காரர்கள் தோட்டத்திடம் இடம் கேட்டுக் கட்டியது. மண்ணையும் இலையையும் சோதிக்கிற இடம். வருஷத்தில் மூன்று தடவை ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர், படிக்கிற பிள்ளைகள் ஏழெட்டுப் பேரோடு வந்து, பத்து நாள் தங்கிப் பாடம் நடத்துவார். வந்த அன்றே மண்வெட்டியைத் தூக்கிவிடுவதால் லயத்துச் சனம் அவருக்கு ‘மண்ணு தொரை’ என்று பேர் வைத்தது. மற்ற நாளெல்லாம் அங்கே இரண்டே பேர்: பதிவு எழுதும் கிராணி சின்னையா, கூட்டிக் கழுவும் தங்கம்மா.

முதல் நாளே சின்னையா நான்கு சட்டம் சொன்னார். உள்ளே தின்னக் கூடாது, குடிக்கக் கூடாது. எதையும் மோந்து பார்க்கக் கூடாது. வெறுங்காலோடு நடக்கக் கூடாது. மூடியைத் தன்னைக் கேட்காமல் திறக்கக் கூடாது. அதுவரை செருப்பே போடாத தங்கம்மாவுக்குத் துணிச் சப்பாத்து ஒரு ஜோடி கொடுத்தார்கள். முதல் வாரம் வாத்து மாதிரி நடந்தாள். ஆனால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள் பாருங்கள், அப்படி யாரும் பிடிக்கவில்லை. அந்தப் பிள்ளைகளில் மூசா என்று ஒருவன். தானா ராத்தாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த சேக் தாவூத்தின் மகன். ஒரு நாள் கையில் டீயோடு உள்ளே வந்துவிட்டான்.

“தம்பி, டீயோட அப்படியே திரும்பு. வெளிய நின்னு குடி.”

“குளிருதுலா அக்கா. ஒரு வாய்தான்.”

“ஒரு வாயோ ஒம்போது வாயோ. போன வாட்டி இந்தக் கிளாசுல என்ன ஊத்தி வச்சிருந்தீங்கன்னு ஒனக்கு ஞாபகம் இருக்கா? எனக்கு இருக்கு. கழுவுனவ நாந்தான்.”

“எங்க புரொபசர்கூட இப்படி வெரட்ட மாட்டாரு.”

“அவரையே பிஸ்கோத்தோட வெளிய அனுப்பியிருக்கேன். வேணும்னா போய்க் கேளு.”

அது உண்மைதான். துரை சிரித்துக்கொண்டே வாசற்படியில் உட்கார்ந்து தின்றுவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

தங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அலமாரியில் இருந்த முப்பத்தெட்டுப் போத்தலையும் இடத்தை வைத்துத்தான் அறிவாள். மேல்தட்டில் ஓரத்தில் இருப்பது ஆசிட்டு. அதன்மேல் ஒட்டிய பெயர்ச் சீட்டில் சிவப்புக் கோடு ஓடும். கீழ்த்தட்டில் நடுவில் இருப்பது கிளிசரின். இந்தக் கிளிசரினில் மட்டும் சட்டம் கொஞ்சம் தளர்ந்திருந்தது. மலைக் குளிரில் கை வெடித்து ரத்தம் கசியும்போது, சின்னையாவே அவள் உள்ளங்கையில் இரண்டு சொட்டு விடுவார். மூசாவும் அதைக் கண்டுபிடித்து, வந்து இறங்கியதும் முதல் காரியமாகக் கையில் தேய்த்துக்கொள்வான்.

போலீசுக்கு இந்தப் போத்தல்களின் மேல் ஒரு கண். காட்டில் ஒளிந்திருக்கும் கலகக்காரர்கள் கையில் கிடைத்தால் குண்டு செய்வார்கள் என்று பயம். ஒவ்வொரு போத்தலுக்கும் சீட்டு இருக்க வேண்டும், சீட்டும் பதிவும் பொருந்த வேண்டும். பிள்ளைகள் வருகிறதற்கு முந்தின நாள் சாயங்காலம் நாலு மணிக்கு மலாய்க்காரப் போலீஸ் கோப்ரல் வந்து எண்ணிப் பார்த்து, அலமாரியையும் வீட்டையும் பூட்டி, சாவியைத் தன்னோடு கொண்டுபோய்விடுவான். மறுநாள் பாடத்துக்கு அவனே வந்து திறப்பான்.

அந்த வருஷம் ஆயுத பூசையும் இந்த எண்ணிக்கையும் ஒரே நாளில் விழுந்தன.

தொழிற்சாலையில் இலை உருட்டும் இயந்திரத்துக்குச் சந்தனம், லோரிக்கு மாலை, செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திக்கெல்லாம் குங்குமம். தொழில் செய்கிற சாமானைக் கழுவித் துடைத்துப் பொட்டு வைக்காமல் விட்டால் அது மனிதரைக் காவு கேட்கும் என்று அந்தச் சனத்துக்கு நம்பிக்கை. தங்கம்மாவின் சாமான் எது? முப்பத்தெட்டுப் போத்தல். சின்னையா பிள்ளைகளுக்குக் கறிகாய் வாங்கப் பிரிஞ்சாங் சந்தைக்குப் புறப்பட்டார். வழியில் மூத்த மகள் வீட்டில் தங்கிவிட்டுக் காலையில் பிள்ளைகளின் லோரியிலேயே வருவார். போகும்போது சாவியை அவள் கையில் கொடுத்தார்.

“சூடம் கொளுத்திராத தாயி. அந்த வீடு பத்துனா நானும் நீயும் சேந்துதான் வேகணும்.”

“நெருப்பு வேணாங்கய்யா. தொடச்சிப் பொட்டு வச்சிக் கும்பிட்டுக்கிறேன்.”

துடைப்பது என்றால் என்ன, எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று அவரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

தரையில் சாக்கை விரித்தாள். பூசை வரிசை என்றால் பெரியது முன்னே, சிறியது பின்னே. கத்தியானாலும் மண்வெட்டியானாலும் அப்படித்தான் அடுக்குவார்கள். போத்தலையும் அப்படியே அடுக்கினாள். மேல்தட்டு, கீழ்த்தட்டு என்ற கணக்கெல்லாம் அந்த நேரத்தில் குலைந்துபோனது. ஒரே அளவான இரண்டு பழுப்புப் போத்தல்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன. ஈரத் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு வந்தவள், துணியை உதறியபோதுதான் பார்த்தாள். இரண்டு சீட்டு அதில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. மலை ஈரத்தில் பசை ஊறி, எப்போது உரிவோம் என்று காத்திருந்த சீட்டுகள். ஒன்றில் சிவப்புக் கோடு. மற்றது கிளிசரின் சீட்டு. எதிரே இரண்டு மொட்டைப் போத்தல்.

இரண்டுக்குள்ளும் ஒரே மாதிரிக் குழம்பு, எண்ணெய் மாதிரி கனத்து அசைகிறது. மூடியைத் திறந்து பார்க்கலாம் என்று கை போனது. பிறகு சட்டம் நினைவுக்கு வந்து கையை இழுத்துக்கொண்டாள். ஒன்றில் குறைவாக இருந்தது. தினமும் செலவாவது கிளிசரின்தானே, குறைந்தது அதுதான் என்று முடிவு கட்டினாள்.

சரி, ஒட்டுவதற்குப் பசை? கோந்துப் போத்தல் கிராணியின் மேசைக்குள், மேசை பூட்டியிருக்கிறது. மணியோ மூன்றைத் தாண்டிவிட்டது. சீட்டில்லாத போத்தலைக் கோப்ரல் கண்டால், யாருக்குக் கொடுக்கச் சீட்டை உரித்தாய் என்றுதான் கேட்பான். வீட்டுக்கு ஓடினாள். பானையில் மத்தியானச் சோறு இருந்தது. லயத்தில் எதை ஒட்டுவதானாலும் சோற்றுப் பருக்கைதான். ஆனால் அந்த வருஷம் வேலிக்கு வெளியே ஒரு மணி அரிசி போகக் கூடாது. காட்டுக்காரர்களைப் பட்டினி போடுவதற்குப் போட்ட உத்தரவு. அரிசியோ சோறோ, பிடிபட்டால் சிறை. முந்தானையில் முடிந்தால் மாட்டிக்கொள்வாள். ஒரு கவளத்தை எடுத்துக் கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டாள்.

வேலி வாசலில் பொம்பளைகளைத் தடவிச் சோதிக்கிற வேலை மணியம்மாவுக்கு. நான்கு வீடு தள்ளி இருப்பவள். வாய்க்கு ஓய்வு கொடுக்காதவள்.

“என்னடி, இப்பத்தான உள்ள வந்த? அதுக்குள்ள திரும்பவா?”

தங்கம்மா தலையை ஆட்டினாள்.

“என்ன, பூசைக்கு மௌன வெரதமா? இல்ல வேலப்பன்கூட மல்லுக்கட்டா?”

“ம்.”

“கன்னம் வேற உப்பிக் கெடக்கு. கை நீட்டிட்டானா படுபாவி?”

தங்கம்மா பதறிப்போய்ப் பல்லைச் சுட்டிக் காட்டினாள்.

“ஓ, பல்லுக் குத்தலா! கெராம்பை வச்சி அழுத்துடி. வாயே தொறக்க முடியலன்னா ஒம் புருசனுக்கு இன்னைக்கு நல்ல நாளு போ!” என்று சிரித்தபடி இடுப்பைத் தடவி விட்டுவிட்டாள்.

கோப்ரலின் சப்பாத்துச் சத்தம் மேட்டில் கேட்கும்போது, தங்கம்மா கடைசிச் சீட்டைக் கட்டை விரலால் அழுத்திக்கொண்டிருந்தாள். சிவப்புக் கோட்டுச் சீட்டு நிறைந்த போத்தலில், மற்றது குறைந்ததில். அவன் விரலை நீட்டி நீட்டி முப்பத்தெட்டும் எண்ணினான். சந்தனப் பொட்டுகளைப் பார்த்து, “வாஹ், செமுவா சந்திக்லா!” என்றான். எல்லாம் அழகாக இருக்கிறதாம். அலமாரியையும் வீட்டையும் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போனான்.

சாயங்காலம் அடுப்படியில் வெந்நீரில் கையை நனைத்துக்கொண்டிருந்தாள். வெடிப்பில் சுரீர் என்றது. போன வாரம் சின்னையா கிளிசரின் விட்டதை நினைத்தாள். அப்போதுதான் அந்த இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அன்று கிளிசரின் போத்தலின் அடியில்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் பெரிய ஜாடியைச் சாய்த்து அதைக் கழுத்துமட்டும் நிரப்பி வைத்தார். இவள்தான் புனலைக் கழுவினாள். அப்படியானால் நிறைந்த போத்தல்தான் கிளிசரின், சீட்டு மாறிப்போயிற்று.

வேலப்பனிடம் சொன்னாள். அவன் கதவைச் சாத்திவிட்டு வந்து குனிந்து பேசினான்.

“காலையில போயி மாத்தி ஒட்டிரு.”

“சாவி கோப்ரல்கிட்ட. அவன் முன்னாடி எப்படி மாத்துவேன்? இப்ப மாத்துனாலும் அது சரின்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“அப்ப வாய மூடிக்கிட்டு இரு. ஆயிரம் படிச்ச தொரைக்கு ஆசிட்டு எது எண்ணெ எதுன்னு தெரியாதா?”

“மூசா தம்பி வந்தவொடன கையில ஊத்துமே.”

“ஒனக்கு மூசா பெருசா, இவ பெருசா?” என்று தூங்குகிற சரோஜாவைக் காட்டினான். “ஒங்க அண்ணன் பேரு அவங்க காய்தத்துல இருக்குடி. ஒன்னையும் சேத்து எழுத ஒரு வரி போதும்.”

அவள் சரோஜாவின் போர்வையை இழுத்துவிட்டுப் பக்கத்தில் படுத்தாள். சின்னையா காலையில் வருவார், அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம், அவர் பார்த்துக்கொள்வார் என்று மனசுக்குள் ஒரு வழி பண்ணிக்கொண்டாள். சாவி கொடுத்தவர் அவர்தானே. வெளியே தெரியாமல் முடிந்துவிடும்.

காலையில் வேலி திறந்ததும் முதல் ஆளாய் வெளியேறி, போத்தல் வீட்டு வாசலில் போய் நின்றாள். லோரி எட்டு மணிக்கு வந்தது. பாதுகாப்புக்கு முன்னும் பின்னும் ஜீப்பு. பிள்ளைகள் குதித்து இறங்கினார்கள். துரை இறங்கினார். சின்னையாவைக் காணோம்.

“கிராணியய்யா எங்க தம்பி?”

“பிரிஞ்சாங்குல கறிகாய் மூட்டைக்கு பெர்மிட் கேட்டுப் புடிச்சிட்டாங்கக்கா. பின்னாடி லோரியில வர்றாரு” என்றான் மூசா, கையைத் தேய்த்துக்கொண்டே. “அப்பப்பா, என்ன குளுரு! வெரலு வெறச்சிருச்சு.”

கோப்ரல் கதவையும் அலமாரியையும் திறந்துவிட்டு, துப்பாக்கியோடு சுவரோரம் நின்றான். தங்கம்மா சப்பாத்தை மாட்டக் குனிந்தாள். நிமிர்வதற்குள் மூசா கீழ்த்தட்டிலிருந்து போத்தலை எடுத்து மூடியைத் திருகிவிட்டான். இடது கையைக் குழித்துப் பிடித்திருந்தான்.

ஒரு சப்பாத்தோடு ஓடினாள். போத்தல் பிடித்த கையின் மணிக்கட்டை, நீளாத தன் கையாலும் நல்ல கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவள் அதுவரை அந்தப் பிள்ளைகளில் ஒருவரையும் தொட்டதில்லை.

“ஊத்தாத! தம்பி, ஊத்தாத. கீழ வை. மெதுவா வை.”

“என்னக்கா? கிளிசரின்தானே, எழுதியிருக்கே.”

அந்த இடத்தில்கூட அவள் தப்பித்திருக்கலாம். கை அழுக்கு, கழுவிவிட்டு வா என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் அவன் கழுவிவிட்டு வந்து ஊற்றியிருப்பான். கோப்ரல் சுவரைவிட்டு ஓர் அடி முன்னே வந்தான். துரை திரும்பிப் பார்த்தார்.

“எழுதுனது பொய்யி தம்பி. சீட்டு உரிஞ்சி போச்சி. நாந்தான் ஒட்டுனேன். எது எதுன்னு தெரியாம ஒட்டுனேன். தொரைக்கு அப்படியே சொல்லு.”

மூசா அப்படியே சொன்னான். துரை எல்லாரையும் சுவர்ப்பக்கம் போகச் சொன்னார். கண்ணாடிக் குச்சியால் ஒரு சொட்டு எடுத்துச் சாக்குத் துண்டின் மேல் விட்டார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாக்கு சுருங்கியது. பழுப்பேறி, கறுத்து, விரலால் தொட்டால் உதிர்கிற கரியாகிப்போனது. மூசா தன் உள்ளங்கையைத் திருப்பி ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

துரை தங்கம்மாவின் பக்கம் திரும்பினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கோப்ரல் மற்றப் போத்தலைக் கையில் எடுத்துச் சிவப்புக் கோட்டுச் சீட்டின் ஓரத்தை நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தான். அவசரத்தில் சரியாக நசுங்காத ஒரு பருக்கை முழுசாக அவன் நகத்தில் வந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

“நாசி?” என்றான். “இனி நாசிகா?”

‘இது சோறா’ என்கிற அந்த மலாய்க் கேள்வி விளங்காதவர் அங்கே யாரும் இல்லை.

போலீஸ் லோரியில் அவளை ஏற்றும்போது வேலப்பன் தொழிற்சாலையிலிருந்து ஓடிவந்தான். பக்கத்தில் விடவில்லை. ஐந்து நாள் விசாரணை. வெள்ளைக்கார அதிகாரி மேசைமேல் இரண்டு காகிதக் கட்டை வைத்திருந்தார். ஒன்று அவளுடையது, மெல்லியது. மற்றது நாகப்பனுடையது. வேலியில் எங்கே ஓட்டை, எத்தனை நாளாகச் சோறு போகிறது, ஆசிட்டு யாருக்காக மாற்றி வைத்தாய் என்று மாற்றி மாற்றிக் கேட்டார்கள். ஓட்டை இல்லை, வாயில் வைத்துக் கொண்டுவந்தேன் என்றாள். அதிகாரி நம்பவில்லை. ஒரு தட்டில் சோறு கொண்டுவரச் சொல்லி, வாயில் அடக்கிக் காட்டு என்றார். அத்தனை ஆண்களுக்கு நடுவில் அவள் கன்னத்தில் சோற்றை அடக்கிக்கொண்டு நின்றாள். யாரோ சிரித்தார்கள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது, வாயைத் திறக்கவில்லை.

துரை இரண்டு தடவை தானா ராத்தா போலீஸ் நிலையத்துக்கு வந்து பேசினார். இவள் வாய் திறந்திராவிட்டால் என் மாணவனுக்குக் கை போயிருக்கும் என்று எழுதிக் கொடுத்தார். சின்னையாவும் வந்தார். சாவியை நான்தான் கொடுத்தேன் என்று ஒப்புக்கொள்ள அவருக்கு மூன்று நாள் பிடித்தது. ஆனாலும் ஒப்புக்கொண்டார், அதைச் சொல்லியாக வேண்டும். ஒரு வாய்ச் சோறு காட்டுக்குப் போனதல்ல, போத்தலுக்குப் போனது என்று கடைசியில் அதிகாரிக்கே தெரிந்தது. பதினாலு நாள் காவல் போதும் என்று விட்டுவிட்டார்கள். தங்கம்மா கப்பலேறவில்லை. அதற்காக வேலப்பன் முருகனுக்கு மொட்டை போட்டான். சேக் தாவூத் கடைக்குப் போனபோது, முதலாளி தாமே எழுந்துவந்து அவனுக்கு டீ வைத்தார்.

போத்தல் வீட்டில் பிறகு சீட்டே கிடையாது. துரை எல்லாப் பெயரையும் கண்ணாடியிலேயே சாயத்தால் எழுதிவிட்டார். இரண்டு பேர் கூட இல்லாமல் அலமாரியைத் திறக்கக் கூடாது என்றும் ஆயிற்று. கூட்டிக் கழுவ வேறு ஆள் வைத்தார்கள். காவலில் இருந்து வந்தவளைப் போத்தல் பக்கம் விட முடியாது என்று போலீசு சொல்லிவிட்டது. நீளாத கையோடு, கிடைத்த அரைக் கூலிக்கு, அவள் மறுபடியும் கொழுந்துக் கூடையைத் தூக்கினாள்.

இதெல்லாம் தாங்கக்கூடியதுதான். தாங்க முடியாதது வேறு.

அவள் சொன்ன உண்மையிலிருந்து அதிகாரி ஒரு பாடம் படித்துக்கொண்டார். அவள் சோற்றை அடக்கிக் காட்டிய மறுநாளிலிருந்து வேலி வாசலில் புது உத்தரவு: வெளியே போகும் ஒவ்வொரு பொம்பளையும், பொம்பளைப் பிள்ளையும் வாயைத் திறந்து காட்ட வேண்டும், நாக்கைத் தூக்க வேண்டும், கன்னத்தை விரலால் இழுத்துக் காட்ட வேண்டும். இருநூறு பேர், விடியுமுன், மழையில், ஒருவர் பின் ஒருவராக. வெற்றிலைக் கறை, சொத்தைப் பல், முந்தின நாள் அழுகை எல்லாவற்றையும் ஊர் பார்த்தது. மாமியார்கள் மருமகள்களுக்கு முன்னால் வாயைப் பிளந்து நின்றார்கள்.

தங்கம்மா வெளியே வந்த மறுநாள் விடியற்காலை, கூடையோடு வரிசையில் போய் நின்றாள். பின்னால் வந்து நின்றவள் அவளைக் கண்டதும் இரண்டு ஆள் தள்ளிப் போனாள். பின்னால் ஒருத்தி, “படிக்கிற பயலுக்குக் கை மிச்சம், நமக்கு மானம் மிச்சமில்ல” என்றாள்.  அந்தப் பையனின் கை என்னவாகியிருக்கும் என்று சாக்கைப் பார்த்தவள் அவள்தான். வரிசையில் நின்ற யாரும் பார்க்கவில்லை. சொன்னாலும் விளங்காது. அவளுக்கு முன்னே சரோஜா நின்றிருந்தாள், பள்ளிக்கூடப் பையோடு, ஒன்பது வயது. முறை வந்ததும் சொல்லாமலே வாயை அகலத் திறந்தாள். இத்தனை நாளில் பழகியிருந்தது.

அடுத்து தங்கம்மா. மணியம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளை ஏமாற்றிய வாய் அது; அதற்காக மணியம்மாவும் இரண்டு நாள் போலீசில் உட்கார்ந்து வந்திருந்தாள். கேலி இல்லை, கேள்வி இல்லை.

“தொற” என்று மட்டும் சொல்லிவிட்டு டார்ச்சு லைட்டைத் தூக்கிப் பிடித்தாள்.

தங்கம்மா வாயைத் திறந்தாள்.